அட்டையில் இருந்த நம்பர்

பிரபாகர் ரிக் வண்டி வேலைக்குக் கிளம்பிப் போனது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். குழந்தை பிறந்து அன்றைக்கு ஐம்பத்திரண்டாம் நாள். பொம்மிடியில் ரயில் மதியம் ஒன்றரைக்குத்தான். ஆனால் பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது என்று, அவன் மாமியார் அமுதவல்லி ஒன்பதரைக்கே பையை வாங்கி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகத்தான் அர்த்தம். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், போனவன் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்து நிற்பது போலவே மனைவி யுவராணிக்கு இருந்தது.

ஆழ்துளைக் கிணறு போடும் லாரி அது. சத்தீஸ்கர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. போனால் எட்டு மாதம், பத்து மாதம் ஆகும் திரும்பி வர.

"யுவா, கல்யாணப் பட்ட கட்டிக்கிட்டு வா. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அங்க போய் பாத்துக்கிட்டிருப்பேன்" என்றான்.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பெட்டியிலிருந்து அரக்குப் பட்டை எடுத்தாள். அதோடு ஜாக்கெட்டையும் எடுத்தாள். முன்பக்கம் நான்கு கொக்கி. கீழ்க்கொக்கியை மூச்சை இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டாள். அடுத்த மூன்றும் ஒரு விரற்கடை தள்ளியே நின்றன. மார்பு பாலால் கனத்துக் கிடந்தது, வயிறு இன்னும் உள்ளே போகவில்லை. கைப்பகுதி தோளுக்குக் கீழேயே இறுகி நின்றது. திருமணத்தின்போது நாற்பத்துமூன்று கிலோ இருந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கியவள். ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனபோது, சின்ன அளவு யூனிபார்ம்கூடத் தொளதொளக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அறுபத்துமூன்று.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பிரபாகர் சிரித்துவிட்டான்.

"என்னா யுவா, ஒரு புள்ள பெத்ததுக்கே அண்டாவாட்டம் ஆயிட்ட!"

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவனே அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி, குழந்தையை மடியில் வைத்து, மூன்று போட்டோ எடுத்தான். "அடுத்த தடவ வர்றப்ப இந்த ஜாக்கெட்ட போட்டுக் காட்டு, பாக்கலாம்" என்றான். சொன்னவன் பொம்மிடி போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பான். கேட்டவளுக்கு அது மறக்கவில்லை.

பதினொரு மணிக்கு நர்ஸம்மா காவேரி ஸ்கூட்டியில் வந்தாள். அந்த நான்கு ஊருக்கும் அவள்தான் கிராமச் செவிலியர். குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டு, தராசைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நாலரைக் கிலோ. "ஜம்முனு இருக்கா. உன் பால் நல்ல பால் கண்ணு" என்றாள். யுவராணிக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பால் கொடுத்துக்கொண்டே உடம்பைக் குறைக்க முடியுமா? எப்படிக் குறைப்பது? வாய் திறந்தவள், கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த கணவனையும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவையும் பார்த்தாள்.

"என்னமோ கேக்க வந்தியே?"

"ஒண்ணுமில்லைங்க."

"எதுன்னாலும் வாட்ஸ்அப்ல கேளு. தாய்மாருங்களுக்குன்னே குரூப் வெச்சிருக்கேன், உன்னையும் சேத்துடறேன். அட்டையில இருக்கற நம்பர்தான?"

"அதேதாங்க" என்றாள் அமுதவல்லி அடுப்படியிலிருந்தே.

கர்ப்பமாக இருந்தபோது பதிவு செய்த அட்டை அது. காவேரி நம்பரை அழுத்திச் சேர்த்துவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று வண்டியை எடுத்தாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் பிரபாகரின் சட்டைப் பையில் டிங் என்று சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"அத்த, என்னைய தாய்மார் குரூப்ல சேத்துட்டாங்க! 'வாங்க அம்மா'ன்னு பூ வேற போட்டிருக்காங்க!"

"இருக்கட்டுங்க மாப்ள. பொட்டப்புள்ள நம்பர ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, கண்டவனும் போன் பண்ணினா யாரு பதில் சொல்றது?"

"ரிக்கு வண்டியில எனக்கு எதுக்கு இதெல்லாம்? பசங்க பாத்தா மானம் போயிடும்."

"வர்றத எனக்கு அனுப்பி விடுங்க மாமா" என்றாள் யுவராணி. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அனுப்பாம? வர்றதெல்லாம் அனுப்பறேன்."

பன்னிரண்டரைக்குப் பங்காளி வீட்டுப் பையன் பைக்கில் அவன் ஏறிப் போனான். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்ததால் வாசல்வரைகூட யுவராணியால் வர முடியவில்லை.

முதல் வாரம் சொன்னபடி இரண்டு மூன்று செய்திகள் அனுப்பினான். தடுப்பூசி தேதி, குழந்தையின் தொப்புளில் மருந்து வைக்கக் கூடாது என்று ஒரு படம். அப்புறம் வண்டி காட்டுக்குள் போய்விட்டது. அங்கே டவர் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டீசல் பிடிக்க ஊருக்குள் வந்தால்தான் அவன் பேசுவான். அப்போதும் பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டே இருக்கும்.

அம்மா வீட்டில் பத்தியம் நடந்துகொண்டிருந்தது. பூண்டு, கருவாடு, மிளகு ரசம். இதிலெல்லாம் அமுதவல்லி குறை வைக்கவில்லை. தண்ணீர் விஷயத்தில்தான் அவள் கறார். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், அதுவும் ஓமம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும். "பச்ச ஒடம்பு. தண்ணிய குடிச்சா வயிறு சரிஞ்சிடும். மூணு பெத்தவ நான், எனக்கு வயிறு இருக்குதா பாரு" என்று புடவையை ஒதுக்கிக் காட்டுவாள். அவளுக்கு வயிறு இல்லைதான். பெற்ற நாற்பதாம் நாளே மஞ்சள் காட்டுக்குக் களையெடுக்கப் போனவள். மிச்சம் இருந்தால் சாப்பிட்டவள். அதெல்லாம் அவளுக்கே நினைவில்லை. தண்ணீர் குடிக்காததால்தான் வயிறு இல்லை என்று நம்பியிருந்தாள். பழைய வேட்டியைக் கிழித்து மகளின் வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டியும் விட்டிருந்தாள்.

யுவராணி எதிர்க்கவில்லை. அவளுக்கும் அந்த வயிறு போக வேண்டும். குழந்தை வாய் வைத்து, பால் இறங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கைக்கெட்டும் தூரத்தில் சொம்பு இருக்கும். எடுக்க மாட்டாள். பெட்டிக்குள் கிடந்த அரக்கு ஜாக்கெட்டை நினைத்துக்கொள்வாள்.

இரண்டு வீடு தள்ளி சசிகலா அண்ணி இருந்தாள், பெரியப்பா மகனின் மனைவி. ஒரு வருடத்துக்கு முன்னால் வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கியவள். இப்போது சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டினாள். டவுனில் செல்போன் கடை மாடியில் உடம்பைக் குறைக்கும் கிளப் ஒன்று நடந்தது. காலையில் அங்கே போய் நுரைக்க நுரைக்க ஒரு கிளாஸ் பவுடர் கலக்கிக் குடித்துவிட்டு, எடை பார்த்துக்கொண்டு வருவார்கள். குழந்தையைப் பார்க்க வந்தவள், அன்று யுவராணியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"அண்ணி, எனக்கும் இது போவுமா?"

"ஏன் போவாது? நான் எழுவத்தெட்டு இருந்தேன் தெரியுமில்ல? உங்கண்ணன் பைக்குல பின்னாடி உக்காந்தா டயரு நசுங்குதுன்னு சொல்லுவாரு. இப்ப அவரே என்னைய ஓட்டச் சொல்லிட்டுப் பின்னாடி உக்காராரு."

"பால் குடுக்கறனே?"

"கேட்டனே கிளப் மேடத்துக்கிட்ட. தாராளமா குடிக்கலாமாம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மதியம் மட்டும் கொஞ்சமா சாப்புடு. களிய மட்டும் தொடாத. களிதான் ஒடம்ப போடறதே."

சசிகலாவின் சின்ன மகனுக்கு எட்டு வயது. பால் கொடுக்கும் உடம்பைப் பற்றி அவளுக்கு எதுவும் நினைவிருக்க நியாயமில்லை. தன்னிடம் மிச்சமிருந்த டப்பாவை மனதார எடுத்துவந்து கொடுத்தாள். அவள் கொடுத்தது அன்பால்தான். அதனாலேயே பின்னால் அவளைத் திட்டவும் யுவராணியால் முடியவில்லை.

அமுதவல்லி விடிந்ததும் தக்காளி பறிக்கப் போய்விடுவாள். போகும்போது களியும் கீரைக் கடைசலும் மூடி வைத்துவிட்டுப் போவாள். களி ஆட்டுக்குப் போயிற்று. வெனிலா வாசனை அடிக்கும் பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு, கிளாஸை இரண்டு தடவை கழுவிக் கவிழ்த்துவிடுவாள் யுவராணி. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்திக்கொண்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் ஞாயிறு இரண்டாவது கொக்கி மாட்டியது. அன்று அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் சந்தோஷமாக இருந்தது.

குழந்தை அழ ஆரம்பித்தது அந்த வாரம்தான். குடிக்கும், விட்டுவிட்டு அழும், மறுபடி வாய் வைக்கும், மறுபடி அழும். கொடியில் நாளுக்குப் பத்துத் துணி காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஐந்து காய்ந்தது. "கண்ணு பட்டிருக்குது" என்று அமுதவல்லி மிளகாய் சுற்றிப் போட்டாள். யுவராணி கொடியைப் பார்த்தாள். ஏதோ அவளுக்குத் தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

புரட்டாசி முடியப்போகும் ஒரு புதன்கிழமை, மூன்றாம் தவணை ஊசி. துணைச் சுகாதார நிலையத்து வராந்தாவில் இருபது தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். காவேரி தராசில் குழந்தையைப் போட்டாள். முள்ளைப் பார்த்தாள். குழந்தையை எடுத்து மறுபடி போட்டாள்.

"நாலு தொள்ளாயிரம். போன மாசம் எவ்வளவு?" அட்டையைத் திருப்பினாள். "போன மாசமும் நாலு தொள்ளாயிரம்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன கண்ணு சாப்புடற?"

"எல்லாம் சாப்புடறேங்க."

"களி?"

"சாப்புடறேங்க."

"மூணு வேளையும் ஆக்கித்தானுங்க போடறேன்" என்றாள் அமுதவல்லி. அவளைப் பொறுத்தவரை அது உண்மை. "பால் எறங்க மாட்டேங்குதுங்க. அதான் ஒரு பால் டப்பா வாங்கிடலாமான்னு…"

"டப்பா எல்லாம் வேணாம். அவசரப்படாதீங்க." காவேரி யுவராணியின் முகத்தைப் பார்த்தாள். கன்ன எலும்பைப் பார்த்தாள். குனிந்து குழந்தையை எடுத்துக் கொடுத்தபோது ஒரு கணம் கூடுதலாகவே அவள் பக்கத்தில் நின்றாள். எதையோ கேட்கப்போகிறாள் என்று யுவராணிக்குத் தோன்றியது. கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "நர்ஸம்மா, என் பையனுக்குக் காய்ச்சல் இருக்குது, ஊசி போடலாமா?" என்றாள்.

"உனக்கு இன்னிக்கு விவரமா சொல்லி அனுப்பறேன். அதுபடி செய். பதில் போடு, என்ன?" என்றாள் காவேரி. "அடுத்து யாரு?"

வீட்டுக்குப் பாதி வழி நடந்து வந்த பிறகுதான் யுவராணிக்கு உறைத்தது. எந்த நம்பருக்கு அனுப்புவாள்?

அன்றிரவே பிரபாகருக்குப் போன் அடித்தாள். போகவில்லை. வியாழன் போகவில்லை. வெள்ளி போகவில்லை. சனிக்கிழமை லைன் கிடைத்தது, கம்ப்ரசர் சத்தத்தோடு.

"மாமா, நர்ஸம்மா ஏதாச்சும் அனுப்பினாங்களா?"

"என்னாது?"

"நர்ஸம்மா! மெசேஜ்!"

"அது கெடக்குது நூறு! தடுப்பூசி, தடுப்பூசின்னு… இங்க போன்ல ஒண்ணும் எறங்க மாட்டேங்குது யுவா, சுத்திக்கிட்டே நிக்குது. பாப்பா எப்படி இருக்கா?"

"எட போடலைங்க மாமா."

"போடும் போடும். உன்னையாட்டம் அண்டா ஆவட்டும்!" சிரிப்போடு லைன் அறுந்தது.

திங்கட்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். நேரிலேயே கேட்டுவிடலாம், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். துணைச் சுகாதார நிலையத்தில் பூட்டு. எதிரே டீக்கடைக்காரர், "அந்தம்மாவ சித்தேரி மலைக்கு மாத்திட்டாங்கம்மா. நேத்தே சாமான் ஏத்திட்டாங்க. புது ஆளு இனிமேதான் வரணும்" என்றார். நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். டீக்கடைக்காரரிடம் இல்லை. பிரபாகரின் போனில் இருந்தது.

பவுடரை அன்றோடு நிறுத்தினாள். ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். அன்று பார்த்துக் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. "தண்ணி குடிச்சியா? பாரு, புள்ளைக்குச் சளி புடிச்சிடுச்சு" என்று அமுதவல்லி கத்திய கத்தலில், தான் செய்ததில் எது சரி, எது தப்பு என்று அவளுக்கு ஒன்றுமே புரியாமல் போயிற்று. இரவும் பகலும் குழந்தை வீறிட்டது. கட்டுப் போட்ட வயிற்றோடு, வற்றிய மார்போடு, அழும் குழந்தையை ஆட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.

நான்காம் நாள் அமுதவல்லி பால் டப்பாவோடு வந்தாள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதாம். "எத்தன நாளைக்குப் பச்சப்புள்ளய பட்டினி போடுவ? பால் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். எத்தன பேருக்கு இல்ல!" பாட்டிலை வாயில் வைத்ததும் குழந்தை கடகடவென்று குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. மூன்று மணி நேரம் தூங்கியது. வீட்டில் அவ்வளவு அமைதி இருந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டார்கூட வந்து, "இப்பதான் புள்ள வயிறு நெறஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாட்டிலில் பால் தானாக வந்தது. மார்பில் உறிஞ்ச வேண்டியிருந்தது. பத்து நாளில் குழந்தை அவள் மார்பை மறுக்கக் கற்றுக்கொண்டது. கிட்டக் கொண்டுபோனாலே முதுகை வில்லாக வளைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது திருப்பிக்கொள்ளும் பக்கமெல்லாம் இவள் மார்பைக் கொண்டுபோவாள். கடைசியில் குழந்தை அழ, அம்மா பாட்டிலோடு வந்து நிற்பாள். "குடு இங்க" என்று வாங்கிக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்தபோது, வழக்கம் விடாமல் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள். நான்கு கொக்கியும் மாட்டின. மார்பின் இடத்தில் துணி மடிந்து கிடந்தது. கழற்றி மடித்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

பங்குனி வெயிலில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து, தருமபுரி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். "தாய்ப்பால் குடுக்கறீங்களா?" என்று ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு நாளும் கேட்டார்கள். "இல்லைங்க" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. குறைந்த உடம்பும் அதற்குள் அவளிடமே திரும்பி வந்துவிட்டிருந்தது. வைகாசியில் பிரபாகர் வந்தபோது, ஜாக்கெட்டை மாட்ட முடியவில்லை என்று அவளாகவே சொன்னாள்.

"எந்த ஜாக்கெட்டு?" என்றான்.

நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. அவன் ஊரில் இருந்த அந்த ஒரு மாதத்தில் எத்தனையோ தடவை, அவன் போனை எடுத்து நர்ஸம்மா அனுப்பியதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தேடி என்ன செய்ய? பால் வற்றி ஆறேழு மாதமாயிற்று. தேடவில்லை. ஆனி பிறந்ததும் அவன் மறுபடி ரயில் ஏறினான்.

கார்த்திகை மாதம். குழந்தை சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்கத் தொடங்கியிருந்தது. யுவராணி அதற்குக் களி உருட்டி ஊட்டிக்கொண்டிருந்த மதிய வேளையில், அவள் போன் டிங் டிங் என்று விடாமல் அடித்தது. பிரபாகர்தான். புதுப் போன் வாங்கியிருந்தானாம். பழைய போனில் இருந்ததையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தான். ஊசித் தேதிகள், முருங்கைக்கீரைப் படம், கை கழுவும் படம், காலை வணக்கங்கள். முதலில் அவன் ஒரு வரி எழுதியிருந்தான். "உனக்கு வந்ததெல்லாம் அனுப்பிட்டேன். இங்க அழிச்சிடட்டுமா?"

படங்களுக்கு நடுவில் ஒரு குரல் பதிவு கிடந்தது. போன வருடம் புரட்டாசிப் புதன்கிழமை வந்தது அது. களிக் கையோடே அதைத் தொட்டாள்.

"யுவராணி, நான் காவேரி பேசறேன் கண்ணு. போன் போட்டேன், போகல. நீ பொய் சொன்னது எனக்குத் தெரியும். உம்மேல அந்தப் பவுடர் வாசன வந்துச்சு. கூட்டத்துல கேட்டா அழுதுடுவன்னு கேக்கல. பயப்படாத, ஒண்ணும் கெட்டுப்போகல. பவுடர இன்னியோட விட்டுடு. மூணு வேளையும் களி, சோறு, கீரை, முட்டன்னு வயிறு நெறய சாப்புடு. ஒவ்வொரு தடவ பால் குடுக்கறப்பவும் ஒரு சொம்பு தண்ணி குடி. வயிறு சரியாது, நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லு. அந்தக் கட்டையும் அவுத்துடு. பாப்பாவ அடிக்கடி மார்ல போடு, பாட்டில மட்டும் வெச்சிடாத. அவ சப்பச் சப்ப நாலஞ்சு நாள்ல பால் ஏறிடும். அடுத்த வாரமே எடையும் ஏறிடும். ஒடம்பு குறையணுமா, சாயந்தரம் பாப்பாவ அம்மாகிட்ட குடுத்துட்டு அரை மணி நேரம் நட. மாசத்துக்கு ஒரு கிலோ, ஒண்ணர கிலோ தானா போவும். பால் குடுக்கறதுலயே ஒடம்பு எறங்கும் கண்ணு, அவசரப்பட்டாதான் ரெண்டும் போயிடும். என்னைய சித்தேரிக்கு மாத்திட்டாங்க, ஞாயித்துக்கெழம போறேன். மேல டவர் கெடைக்காது. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். கேட்டுட்டேன்னு ஒரு வார்த்தை பதில் போடு."